தோட்டம் ரோட்டுக்கு மேலேயா, கீழேயா?

கேள்வி: பாஸ் அண்ணே, இராகலைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மரக்கறித் தோட்டம். லீக்ஸ், கரட், கோவா போடுகிறோம். கிழமைக்கு மூன்று தரம் கந்தப்பளை வழியாக நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சாமான் போகும். இவ்வளவு காலமும் வாடகை லொறிதான். இப்போது சொந்தமாக ஒரு டபுள் கெப் வாங்கப் போகிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று டூ வீல், பின் சில்லு இரண்டும் மட்டும் இழுப்பது, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றது ஃபோர் வீல், நாலு சில்லும் இழுக்கும். 4 அங்குலம் தூக்கி, பெரிய மட் டயர், ஸ்நோர்கல் (என்ஜினுக்கு உயரத்தில் இருந்து காற்றெடுக்கிற குழாய்), இரும்பு பம்பர் எல்லாம் போட்டது. இரண்டுக்கும் 18 இலட்சம் வித்தியாசம். பெரிய ரோட்டில் இருந்து தோட்டத்துக்கு 1.2 கிலோமீட்டர். பாதி கொங்கிரீட், மிச்சம் பழைய கல் பாதை, கடைசியில் கொஞ்சம் செம்மண். மழைக்குச் சறுக்கும். தூக்கின வண்டிதான் மலைக்குச் சரி என்று மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார். அவ்வளவு கடன் வேண்டாம் என்று மனைவி சொல்கிறார். நீங்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். டயர், பம்பர், ஸ்நோர்கல் எல்லாம் விபரமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போய்விட்டது. உங்கள் தோட்டம் பெரிய ரோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? அதாவது மரக்கறி ஏற்றிய வண்டி மேலே ஏற வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா? ஹட்டனில் 27 வருஷமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கெப் வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதிலைப் பொறுத்து வண்டியே மாறும்.

அது தெரியாமலேயே சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தத் தூக்கின வண்டியை விட்டுவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் டூ வீலை எடுங்கள். ஒன்றிரண்டு மாதம் பொறுத்துத் தேட முடியுமென்றால், கம்பெனி உயரத்திலேயே இருக்கிற, லோ கியர் உள்ள, சாதாரண ஃபோர் வீல் ஒன்றைப் பாருங்கள். மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மனைவி சொல்வதிலும் இருக்கிறது. இரண்டு நியாயமும் சேருகிற வண்டி நீங்கள் பார்த்த இரண்டிலும் இல்லை.

தூக்கின வண்டி ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். அடுத்த தரம் ஒரு கெப்பைப் பார்க்கும்போது பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சில்லுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை தொங்கும். அதுதான் டிஃபரென்ஷல், கராஜில் டிஃப் என்போம். நம் கல் பாதைகளில் முதலில் கல்லில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 4 அங்குலம் தூக்கினால் பொடி உயரும், சேசி உயரும், டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏனென்றால் அது சில்லோடு சேர்ந்த சாமான், ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. 265/70 அளவு 16 அங்குல டயரைக் கழற்றி 285/75 போட்டால் டயரின் மொத்த உயரம் 777 மில்லிமீட்டரில் இருந்து 834 ஆகும். டிஃப் உயர்வது அதில் பாதி, 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தை விடக் கொஞ்சம் கூட. இவ்வளவு செலவுக்கும் கிடைப்பது அந்த ஓர் அங்குலம்தான்.

அந்த ஓர் அங்குலத்துக்காக இழப்பது நிறைய. டயர் பெரிதானால் கியர் எல்லாம் 7 வீதம் அளவுக்கு உயர்ந்தது மாதிரி ஆகிவிடும். முதல் கியரின் இழுவை குறையும். இறக்கத்தில் என்ஜின் வண்டியைப் பிடித்துவைக்கிற பலமும் அதே அளவு குறையும். நுவரெலியா மாவட்டத்தில் ஓடுகிற வண்டிக்கு இது சின்ன நட்டம் இல்லை. வண்டியின் பாரம் மேலே போவதால் சரிவுப் பாதையில் சாயவும் லேசு. மேல் பாதையில் ஒரு பக்கச் சில்லு கானுக்குள் இறங்கினால், கம்பெனி உயரத்து வண்டி சாய்ந்து நிற்கும். தூக்கின வண்டி தேயிலைக்குள் படுத்துவிடும். அப்படிப் படுத்த இரண்டு வண்டிகளை நான் போய்த் தூக்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பல கராஜ்களிலும் கவனிப்பதில்லை. நிறைய கெப்களில் பின் எக்ஸலுக்கும் சேசிக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடும், அதன் மேல் நுனியில் ஒரு வால்வ் இருக்கும். பாரம் ஏறி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூட ஒயில் அனுப்பும். வண்டி வெறுமையாக இருந்தால் குறைத்து அனுப்பும், பின் சில்லு இறுகிச் சறுக்கக்கூடாது என்பதற்காக. வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிக்கட்டாமல் விட்டால், நீங்கள் 800 கிலோ லீக்ஸ் ஏற்றியிருந்தாலும் வண்டி வெறுமை என்றே அந்த வால்வ் நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். தூக்கின வண்டி எது வந்தாலும் நான் முதலில் கையை விட்டுப் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். சரியாக மாற்றியிருந்த வண்டிகள் மிகக் குறைவு.

சரி, மேலேயா கீழேயா என்பதற்கு வருவோம்.

தோட்டம் ரோட்டுக்கு மேலே என்று வையுங்கள். அப்படியானால் நீங்கள் வெறுமையாக ஏறுவீர்கள், பாரத்தோடு இறங்குவீர்கள். வெறுமையான கெப்பின் பாரம் முழுக்க முன்னால்தான், என்ஜின் இருக்கிற பக்கம். டூ வீல் கெப்பை இழுப்பது பின் சில்லு. பாரமில்லாத சில்லு ஈரச் செம்மண்ணில் பிடிக்காமல் சுற்றும். இதற்குப் பழைய சாரதிமார் செய்வது, 40 கிலோ மணல் மூட்டை நாலைப் பின் எக்ஸலுக்கு நேர் மேலே போட்டுக் கட்டிவிடுவது. 160 கிலோ. அவ்வளவுதான், பாதி இடங்களில் வண்டி ஏறிவிடும். மழை மாதங்களில் அந்த அளவுக்கு மரக்கறியைக் குறைத்து ஏற்ற வேண்டும், அது ஒன்றுதான் நட்டம். மூட்டையைக் கட்டாமல் விடாதீர்கள். பிரேக் அடித்தால் கெபின் கண்ணாடிக்கு வந்துவிடும்.

இனித் தோட்டம் கீழே என்று வையுங்கள். வெறுமையாக இறங்கி, பாரத்தோடு ஏறுவீர்கள். பாரம் பின் சில்லில் இருப்பதால் பிடிமானம் நல்லது. ஆனால் 800 கிலோவோடு, செம்மண் முடக்கில், நின்ற இடத்தில் இருந்து கிளம்ப வேண்டும் என்றால் டூ வீலில் கிளட்ச் கருகும். லோ கியருக்கு அர்த்தம் வருவது இந்த இடத்தில்தான். உங்கள் தோட்டம் கீழே இருந்து, செம்மண் துண்டிலேயே செங்குத்து ஏற்றமும் இருந்தால், ஃபோர் வீலுக்குக் கூடக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

பலர் ஃபோர் வீல் என்றாலே சேற்றில் புகுந்து வெளியே வருவதைத்தான் நினைக்கிறார்கள். மலைநாட்டுக்காரனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் 4எல்லில், அதாவது ஃபோர் வீலின் லோ கியரில் இருக்கிறது. அந்த லீவரை இழுத்தால் கியர் இன்னும் இரண்டரை மடங்கு இறங்கும். பழைய ஐந்து கியர் ஹைலக்ஸ் மாதிரி ஒரு டீசல் வண்டியில், அக்ஸிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் விட்டால், 2எச்சில், அதாவது சாதாரண டூ வீல் ஓட்டத்தில், மணிக்கு 7 கிலோமீட்டர் அளவில் போகும். 4எல்லில் 3 கிலோமீட்டர் கூட வராது. ஆள் நடப்பதை விட மெதுவு. ஈரக் கல் பாதையில் பிரேக்கில் கால் வைக்காமல், என்ஜின் பிடியிலேயே, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து இறங்கலாம். பிரேக் அடித்தால்தான் சில்லு இறுகிச் சறுக்கும். என்ஜின் பிடித்தால் சில்லு சுழன்றுகொண்டே இருக்கும், ஸ்டியரிங் சொன்ன பக்கம் வண்டி போகும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன் எக்ஸலும் பின் எக்ஸலும் நடுவில் விட்டுக்கொடுக்க இடமில்லாமல் பூட்டிக்கொள்ளும். மண்ணிலும் கல்லிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரிலும் கொங்கிரீட்டிலும் வழுக்காது. உங்கள் பாதையில் பாதி கொங்கிரீட் என்கிறீர்கள். கொங்கிரீட் முடக்கில் 4எச்சிலோ (லோ கியர் போடாத ஃபோர் வீல்) 4எல்லிலோ திருப்பினால் ஸ்டியரிங் இறுகும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி நிற்கும், அடியில் டக் டக் என்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் ஜொயிண்ட், செயின், கியர் என்று ஏதோ ஒன்று போகும். செம்மண்ணும் கல்லும் முடிகிற இடத்தில் 2எச்சுக்கு மாற்றிவிட வேண்டும். மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் உள்ள எல்200 மாதிரிச் சில வண்டிகளில் நடுவிலும் ஒரு டிஃப் இருக்கும். அவற்றை 4எச்சில் தாரிலும் ஓட்டலாம்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஏற முடியாத வண்டி நின்ற இடத்தில் நிற்கும், கூடிப்போனால் ஆள் வந்து தள்ளுவார்கள். இறங்க முடியாத வண்டியால்தான் உயிர் போகிறது. ஃபோர் வீல் வாங்கினால் பிரேக்கும் கூடப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டூ வீலோ ஃபோர் வீலோ, எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சில்லிலும்தான். அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்று.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீட்டர் அளவில். பாரத்தோடு 2.8 தொன் வருகிற ஒரு கெப், இறம்பொடை வழியாக அந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது எங்கேயோ அவ்வளவு சூடும் போக வேண்டும். ஒரு லீட்டர் டீசலை முழுவதுமாக எரித்தால் வருகிற சூடு அது, கிட்டத்தட்ட. அதை என்ஜினும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. நாலாம் கியரில் போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே இறங்கினால் பெரும்பங்கு ட்ரம்முக்கும் டிஸ்கிற்கும்தான் போகும். இறம்பொடை இறக்கத்தில் கெப்புகளும் வேன்களும் ஓரமாக நிற்க, முன் சில்லில் இருந்து புகை வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். சிலர் அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படிச் செய்யவே வேண்டாம், டிஸ்க் நெளிந்துவிடும்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கத்து மூடுபனியும் மழையும் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறின ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழியாகும். அப்போது பெடல் பஞ்சில் மிதித்த மாதிரி அடிவரைக்கும் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அந்த ஒயிலை மாற்றச் சொல்லி நான் கெஞ்சாத வாடிக்கையாளர் இல்லை. சில ஆயிரம் ரூபாய் வேலை அது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று நமக்குப் பழக்கியவர்கள் சும்மா சொல்லவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதை எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் வேறு யாராவது ஓட்டினால் அவருக்கும் இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

இனி உங்கள் 1.2 கிலோமீட்டரைப் பார்ப்போம். வண்டிக்காரரிடம் மறுபடி போவதற்கு முன்னால், மழை பெய்து முடிந்த ஒரு காலையில், மம்பட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு அந்தப் பாதையை நடந்து பாருங்கள். 3 மீட்டர் நீளமான நேர்ப் பலகை ஒன்றை எடுத்து, மேசன் பாஸிடம் ஒரு நீர்மட்டம் வாங்கி அதன் மேல் வைத்து, பலகையின் மேல் நுனியைத் தரையில் ஊன்றிக் கீழ் நுனியைச் சமமாகத் தூக்குங்கள். கீழ் நுனிக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை சென்ரிமீட்டர் என்று அளவுங்கள். 45 வந்தால் 100 மீட்டருக்கு 15 மீட்டர் ஏற்றம். என் அனுபவத்தில், ஈரச் செம்மண்ணில் அந்த அளவு ஏற்றத்தோடு வெறுமையான டூ வீல் கெப் திணறத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே என்றால் நல்ல டயரும் மணல் மூட்டையும் போதும். கல் பாதையில் 60 வந்தாலும் பயமில்லை, கல் அசையாமல் இருந்தால்.

முடக்குகளையும் பாருங்கள். டபுள் கெப் நீளமான வண்டி, ஒரே வெட்டில் திரும்பாது. எந்த முடக்கில் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டி வரும், அங்கே ஓரக் கற்கட்டு உறுதியாக இருக்கிறதா, மழைக்கு அடியில் மண் கரைந்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். ஃபோர் வீல் இதற்கு ஒரு உதவியும் செய்யாது. சொல்லப்போனால் பாரம் கூடின வண்டி, கற்கட்டுக்கு ஆபத்தும் கூட.

அளந்து முடித்தால் பெரும்பாலும் நீங்களே ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள். வண்டியைச் சோதிக்கிற இடம் 1.2 கிலோமீட்டரிலும் 80, 100 மீட்டர்தான் இருக்கும். அந்த 100 மீட்டரையே திருத்தினால் என்ன? முதலில் மேல் பக்கம் கான் வெட்டி, தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடாமல் திருப்புங்கள். செம்மண் சறுக்குவதற்குப் பாதிக் காரணம் அதில் ஓடுகிற தண்ணீர். பிறகு இரண்டு சில்லுத் தடத்துக்கு மட்டும், 60 சென்ரிமீட்டர் அகலம், 10 சென்ரிமீட்டர் கனத்தில் கொங்கிரீட் போட்டால் 100 மீட்டருக்கு 12 கன மீட்டர்தான் வரும். மேற்பரப்பைத் தடவி மழுங்கடிக்காமல் விளக்குமாற்றால் குறுக்குக் கோடு இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் டயர் பிடிக்கும். நீங்கள் சொன்ன 18 இலட்சத்துக்குள் அடங்கி, கையில் மிச்சமும் இருக்கும். பாதை தோட்டக் கம்பெனிக் காணியில் ஓடினால் நிர்வாகத்தில் எழுத்தில் கேளுங்கள், பிரதேச சபைப் பாதை என்றால் அங்கே கேளுங்கள். உங்களைப் போல அந்தப் பாதையைப் பாவிக்கிற மற்றக் குடும்பங்களும் கைகொடுப்பார்கள். சுகமில்லாத ஒருவரை த்ரீவீலில் ஏற்றி இறக்கவும் அந்தக் கொங்கிரீட் உதவும். பெரிய டயரால் அந்த உபகாரம் யாருக்கும் இல்லை.

டயரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிற்கமாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மட் டயரின் பெரிய கட்டைகள் ஆழமான சேற்றுக்குச் செய்தவை. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி கந்தப்பளை, நுவரெலியா தார் ரோட்டில். மழைத் தாரில் அந்த டயர் தரையைத் தொடுகிற றப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கக் கூடத் தூரம் எடுக்கும். உங்களுக்கு வேண்டியது ஏ.டி. என்று எழுதியிருக்கிற, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது கிழமை செய்தது. கட்டை உயரமாக இருந்தாலும் பழைய டயரின் றப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரக் கல்லில் கண்ணாடி மாதிரி வழுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், அமுங்க வேண்டும்.

டூ வீல்தான் என்று முடிவானால், பின் டிஃப் எல்.எஸ்.டியா என்று கேளுங்கள். சாதாரண டிஃப்பில் ஒரு சில்லு வழுக்கினால் சுழற்சி முழுவதும் அந்த வழுக்குகிற சில்லுக்கே போய்விடும், மற்றது சும்மா நிற்கும். எல்.எஸ்.டி. அதைக் கொஞ்சம் தடுக்கும். அது இல்லாத வண்டியில் சிக்கிக்கொண்டால், கை பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து வைத்து மெதுவாக அக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். சுற்றுகிற சில்லுக்குத் தடை வந்து மற்றதற்கு இழுவை போகும். வெளியே வந்தவுடனே கை பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

மச்சானிடம் நான் சொன்னதாக ஒன்றைச் சொல்லுங்கள். மலை சரிந்தால் எந்த ஃபோர் வீலும் உதவாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலுக்கு நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பாதைகள் துண்டு துண்டாக அறுந்தபோது, லிப்ட் போட்ட வண்டியும் சின்ன லொறியும் ஒரே வரிசையில்தான் நின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை விட்டால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் விட்டால் வண்டியை மேல் பாதைக்கு எடுக்காதீர்கள், சிவப்பு என்றால் மரக்கறி அழுகினாலும் பரவாயில்லை, வீட்டாரோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். பாதையில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்று திடீரென்று கலங்கி வருவது இவற்றைக் கண்டால் எச்சரிக்கை வருமட்டும் காத்திருக்க வேண்டாம். எந்த வண்டியில் இருந்தாலும் இறங்கி நடந்துவிடுங்கள்.

இனிச் சாதாரண ஃபோர் வீல் ஒன்று அகப்பட்டால் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு கெப் என் கராஜுக்கு வந்தது. ஃபோர் வீல் இழுக்கவில்லை என்றார் சொந்தக்காரர். வாங்கி நாலு வருஷம். பழைய மாடல், முன் சில்லின் நடுவில் கையால் திருப்புகிற ஹப் இருக்கிற வகை. நான் குந்தியிருந்து பார்த்தேன். இரண்டு ஹப்பும் ஃப்ரீ என்ற பக்கத்தில், அதாவது முன் சில்லை இழுவையில் சேர்க்காத பக்கத்தில் நின்றன. திருப்பப் பார்த்தால் அசையவில்லை, உள்ளே துருப் பிடித்து ஒட்டியிருந்தது. நாலு வருஷமாக உள்ளே லீவரை இழுத்துக்கொண்டு, முன் சில்லு இழுக்கிறது என்று நம்பியே அவர் ஓட்டியிருக்கிறார். அவ்வளவு காலமும் தோட்டத்துக்குப் போய் வந்தது டூ வீலில்தான் என்று சொன்னபோது அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய பாதைக்கு ஃபோர் வீல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகையால் விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்பாமல், சரளைக் கல் உள்ள இடத்தில் ஓட்டிப் பாருங்கள். கையால் திருப்புகிற ஹப் இருந்தால் முதலில் அதைப் பூட்டுங்கள். 4எச் போடுங்கள், விளக்கு எரிய வேண்டும். 4எல் போடும்போது வண்டியை நிறுத்திப் போடுங்கள், கியர் உரசுகிற சத்தம் இல்லாமல் விழ வேண்டும். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன் டிஃப்புக்குப் போகிற தண்டு) சுற்றுகிறதா என்று ஒருவர் தூரத்தில் நின்று குனிந்து பார்க்கட்டும். சேசியில், கெபினுக்குப் பின்னாலும் ஸ்பிரிங் தொங்குகிற காதுகளிலும், புதிதாக வெல்டிங் பிடித்த தடமோ திடீரென்று கறுப்புப் பெயின்ட் அடித்த தடமோ இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது. கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். பெரும்பாலான டபுள் கெப் சுமக்க வேண்டியது ஒரு தொன் அல்லது அதற்குக் குறைவு. இரும்பு பம்பர், வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கிற கருவி) எல்லாம் அந்தக் கணக்கிலேயே கழியும். மழை மாதங்களில் வின்ச் இல்லாவிட்டாலும், நல்ல இழுவைக் கயிறு, இரண்டு ஷக்கிள், மம்பட்டி, நாலு வெறும் சாக்கு வண்டியில் இருக்கட்டும். சறுக்குகிற சில்லுக்கு அடியில் சாக்கை விரித்தால் பல இடத்தில் அதுவே போதும்.

கடைசியாக ஒரு வேலை. பின் டிஃப், முன் டிஃப், இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் பெட்டி மூன்றிலும் அடி ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு சொட்டு ஒயிலை உள்ளங்கையில் பிடிக்கச் சொல்லுங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான டிஃப்போடு ஆற்றில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிறகு பேரிங்கும் பல்லும் துருவேறும். ஸ்நோர்கல் போட்ட வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள், ஆற்றில் இறக்குகிற ஆசையில்தான் பலர் அதைப் போடுகிறார்கள். அந்த மூன்று ஒயிலையும் கண்ணால் பார்க்கும்வரை முற்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.